தேநீர் இடைவேளையைத் தின்னும் மேடை

தொழில்முறைக் கருத்தரங்குகளில் உருப்படியான பேச்சு நடப்பது அரங்குக்கு வெளியே, தேநீர்க் குவளையும் கையுமாக நிற்கும் இடத்தில்தான் என்பது அங்கே போய்வந்த எவருக்கும் தெரியும். அமைப்பாளர்களுக்கு மட்டும் ஏனோ தெரிவதே இல்லை. நிகழ்ச்சிநிரலில் இடைவேளை அரை மணி நேரம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆனால் குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, நினைவுப்பரிசு வழங்கி, சிறப்பு விருந்தினர் பெற்ற பட்டங்களை ஒன்றுவிடாமல் வாசித்து முடிப்பதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். வரிசையில் நின்று சமோசாவைக் கையில் வாங்கும்போதே, அனைவரும் உள்ளே வருமாறு ஒலிபெருக்கி விரட்டத் தொடங்கிவிடும்.

மிஞ்சும் சில நிமிடங்களாவது நிம்மதியாகக் கழிகின்றனவா என்றால், அதுவும் இல்லை. எதிரே வருபவரின் பார்வை முதலில் நம் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக்குப் போகிறது. அதிலுள்ள நிறுவனத்தின் பெயர் பெரியதாக இருந்தால் மட்டுமே முகத்துக்கு ஏறுகிறது. (அட்டை பாதி நேரம் புரண்டு வெற்றுப்பக்கத்தைக் காட்டுவது ஒருவகையில் நல்லதே.) ஒரே அலுவலகத்திலிருந்து வந்தவர்களோ வட்டம் கட்டி நின்று, அங்கே தினமும் பேசுவதையே இங்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர், தாம் பாடுபட்டு நடத்திய மாநாட்டில் வந்தவர்கள் பாராட்டியது காபி இடைவேளைகளைத்தான் என்று கண்டு, அந்த இடைவேளையின் இயல்பையே மாநாடாக்கி, பேசுபொருளை வந்தவர்களே தீர்மானிக்கும் ‘திறந்தவெளி’ (Open Space) முறையை 1985இல் நடத்திக் காட்டினார். நம்மவர்களோ, அடுத்த ஆண்டு மேலும் இரண்டு வாழ்த்துரைகளைச் சேர்க்கப் போகிறார்களாம்.