வேர்பேன் வாள்: மனித ஓநாய்க்கு மட்டும்தானா?

'நெட்ஹேக் கணினி விளையாட்டில் வேர்பேன் என்ற வாள் கிடைத்தால் தூக்கிப் போடுங்கள், மனித ஓநாய்களைத் தவிர யாரிடமும் எடுபடாது' என்று புதிதாக ஆடுபவர்களுக்குச் சொல்லிவருகிறார்கள். தவறு.

பெயருக்கேற்ற (வேர்பேன் என்றால் விலங்காக உருமாறும் மனிதர்களுக்கு எமன்) இரட்டைச் சேதம் மனித ஓநாய், மனித நரி, மனித எலி வகைகளுக்குத்தான். அதுவரை சரி. ஆனால் இது வெள்ளி வாள். வெள்ளி ஆகாத எவர் மேல் பட்டாலும் சேதத்தைக் கணக்கிட 20 முகப் பகடை ஒன்று கூடுதலாக உருளும். சாதாரண வாள்வீச்சுக்கு உருள்வதோ 8 முகப் பகடைதான். ரத்தக்காட்டேரிகளும் நரகப் பிசாசுகளும் இந்தக் கணக்கில் வருகின்றன. விளையாட்டின் நரகப் பகுதியான கெஹென்னமில் இறங்குகிறவர் வேறு யாரைச் சந்திக்கப் போகிறார்?

அப்புறம், 'பையில் இருந்தாலே ஓநாய் நோய் (கடிபட்டவரையும் விலங்காக மாற்றும் நோய்) தொற்றாது' என்பதும் பொய். கடிபடும் நேரத்தில் வாள் கையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே தொற்றியிருந்தால் வாள் அதைக் குணப்படுத்தாது. புனித நீர் குடிக்கலாம், ஓநாய்க்கொல்லித் தளிர் தின்னலாம், பிரார்த்தனையும் பலிக்கலாம்.

கிரேஸ்வாண்டிர் என்ற இன்னொரு வாள் கையில் இருந்தால் கதை வேறு. அதுவும் வெள்ளிதான், இரட்டைச் சேதமோ எல்லோருக்கும். அதை வைத்திருப்பவர் வேர்பேனைத் தாராளமாகத் தூக்கிப் போடலாம்.