அண்ணே, அந்த இலவச பிரான்சுக்கு எந்த ஃப்ளைட்டில் போகணும்?

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்தில் பிரான்சில் எல்லாமே இலவசம் என்று ஒரு அண்ணன் மைக்கில் பேசியதை, வந்திருந்தவர்கள் நேரிலேயே கேட்டீர்கள். வராதவர்களுக்கு வீடியோ வந்திருக்கும். முத்தியால்பேட்டையில் ஆரம்பித்து அரியாங்குப்பம் வரைக்கும் எல்லாக் குடும்ப குரூப்பிலும் அதுதான் சுற்றுகிறது. எனக்கே நாலு பேர் அனுப்பி, "அக்கா, அண்ணன் சொல்றது கரெக்ட்தானே?" என்று கேட்டுவிட்டார்கள். பிரான்சிலிருந்து லீவுக்குப் பாண்டி வந்த இடத்தில், வஞ்சிர மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டிய மத்தியானத்தில், இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கரெக்ட் இல்லை. முழுசாகக் கரெக்ட் என்று ஒரு வரி கூட இல்லை.

"ஆஸ்பத்திரி ஃப்ரீ, ஸ்கூல் ஃப்ரீ, பிள்ளை பிறந்தா கவர்மெண்ட் காசு, வேலை இல்லேன்னாலும் கவர்மெண்ட் காசு. பேப்பர் மட்டும் கைக்கு வந்துடட்டும், அப்புறம் உட்கார்ந்து சாப்பிடலாம்." மைக்கைப் பிடித்துக்கொண்டு அண்ணன் அருளியது இது. (பேப்பர் என்றால் அங்கே தங்கி வேலை செய்யும் அனுமதி.) முன் வரிசையில் கல்யாண வயதுப் பெண்களைப் பெற்ற அப்பாக்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பிரான்சைக் கண்ணால் பார்க்காத ஒருவர் இப்படிப் பேசியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இவர் பாரிஸ் புறநகரான சார்செலில் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். விடியற்காலை ரயிலில் என்னோடு நின்றுகொண்டே வேலைக்குப் போகிறவர். இவருக்குத் தெரியாதா? தெரியும். அதுதான் எரிச்சல்.

ஆஸ்பத்திரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பொது மருத்துவரைப் பார்த்தால் 30 யூரோ. 2024 டிசம்பர் வரைக்கும் 26.50 இருந்தது, ஏற்றிவிட்டார்கள். அந்த 30-இல் 70 சதவீதம் காப்பீட்டிலிருந்து வரும், அதிலும் 2 யூரோவைக் கழித்துக்கொள்வார்கள். ஆக 19 யூரோ திரும்பி வரும். மீதிக்குத் தனியாக முத்துவெல் என்று ஒரு துணைக் காப்பீடு எடுத்து மாதாமாதம் கட்ட வேண்டும். உங்கள் மருத்துவர் இவர்தான் என்று முன்கூட்டியே பதிந்து வைக்காவிட்டால் அந்த 70 சதவீதம் 30 ஆகிவிடும். கார்த் வித்தால் என்ற மருத்துவக் காப்பீட்டு அட்டையைத் தேய்த்தால் காசு கேட்க மாட்டான் என்று ஊரில் வந்து சொல்கிறோமே, அந்த அட்டைக்குப் பின்னால் இருப்பது நம் சம்பளத்தில் பிடித்த பணம். யார் வீட்டுத் தர்மமும் இல்லை.

என் சம்பளச் சீட்டைப் பார்த்தவர்கள் யாராவது இதில் இலவசம் எங்கே இருக்கிறது என்று காட்டட்டும். மேலே ஒரு பெரிய எண் இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் வரிசை வரிசையாக: ஓய்வூதியத்துக்கு ஒன்று, துணை ஓய்வூதியத்துக்கு ஒன்று, சமூகப் பாதுகாப்புக்கு ஒன்று. முதலாளி கட்டும் பங்கு பக்கத்துப் பத்தியில். 2019 ஜனவரியிலிருந்து வருமான வரியையும் அங்கேயே பிடித்துவிடுகிறார்கள். எல்லாம் முடிந்து வலது பக்க மூலையில் ஒரு எண் நிற்கும். அதுதான் நம்முடையது. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் பிடித்தத்துக்கு முன் 1,801 யூரோ, கைக்கு 1,426 என்று இருந்தது. நம் ஆட்களில் பாதிப் பேர் இதற்குக் கொஞ்சம் மேலேயோ இதிலேயோதான் இருக்கிறோம். யாரும் சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்.

1,426 என்று சொன்னவுடன் இங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மனசுக்குள் நூறால் பெருக்குவீர்கள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம்! சரி, பெருக்குங்கள். அப்படியே வாடகையையும் பெருக்குங்கள். புறநகரில் இரண்டு அறை வீடு என்றாலே 800, 900 போகிறது. ரயில் பாஸ் 2025-இல் 88.80 இருந்தது, பாதியை முதலாளி தருவார். கரண்ட், இன்சூரன்ஸ், போன். பள்ளிக்கூடம் இலவசம்தான், மத்தியானச் சாப்பாட்டுக்கு வருமானத்தைப் பார்த்து பில் போடுவார்கள். சம்பளத்தை மட்டும் ரூபாயில் பார்ப்பதும் செலவை யூரோவிலேயே விட்டுவிடுவதும் என்ன கணக்கோ.

பிள்ளை பிறந்தால் காசாம். குடும்பப் படி என்று மாதாமாதம் வருவது இரண்டாவது பிள்ளையிலிருந்துதான். ஒற்றைப் பிள்ளைக்கு அது கிடையாது. இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்த்து ஏறக்குறைய 150 யூரோ, வருமானம் கூடினால் அதுவும் குறையும். கைக்குழந்தைக்கு வேறு உதவி உண்டு, அதற்கும் வருமானம் பார்ப்பார்கள். 150 யூரோவுக்கு ஒரு பிள்ளையை பிரான்சில் வளர்த்துக் காட்டுகிறவர் இருந்தால் அவர் காலில் விழத் தயார்.

வேலை இல்லாவிட்டால் காசாம். வேலை போனவருக்கு உதவித்தொகை வேண்டும் என்றால் முதலில் வேலை செய்திருக்க வேண்டும், கடைசி 24 மாதத்தில் குறைந்தது ஆறு மாதம். ஒன்றுமே இல்லாதவருக்குத் தரும் எர்எஸ்ஆ என்ற தொகைக்குப் பொதுவாக 25 வயது ஆகியிருக்க வேண்டும். வெளிநாட்டவர் என்றால் வேலை செய்யும் அனுமதியோடு ஐந்து வருடம் அங்கே இருந்திருக்க வேண்டும், சில விலக்குகளைத் தவிர. அன்றைக்கு அண்ணனைச் சுற்றி நின்ற பசங்களில் யாருக்கு 25 ஆகிறது?

நம் ஆட்களுக்குள் ஓடும் மற்ற கதைகளும் இதே லட்சணம்தான். பாரிசில் லா ஷப்பேல் பிள்ளையார் தேர் அன்றைக்குத் தேங்காய் உடைப்பதைப் பார்த்துக்கொண்டே அடித்துப் பேசுவார்கள். அங்கே பிறந்த பிள்ளை பிறந்த நிமிடமே பிரெஞ்சுக் குடிமகனாம். அப்பா அம்மா இரண்டு பேரும் பிரான்சுக்கு வெளியே பிறந்த வெளிநாட்டவராக இருந்தால் இல்லை. 18 வயதில் வரும், அதுவும் 11 வயதுக்குப் பிறகு ஐந்து வருடமாவது அங்கே இருந்திருந்தால். முன்னாடியே வேண்டும் என்றால் 13 வயதிலிருந்து மனுப் போடலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம் ஆட்களுக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருந்தால் இரட்டைக் குடியுரிமையாம். இந்தியாவில் அப்படி ஒன்றே கிடையாது. ஓசிஐ வைத்து இங்கே ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பாகூர் பக்கம் நஞ்சை பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறவர்களை என்ன சொல்ல?

பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ளவரைக் கட்டினால் மறுநாளே குடியுரிமை என்பது இன்னொன்று. கல்யாணம் ஆகி நாலு வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகுதான் மனுவே போடலாம், சிலருக்கு ஐந்து. மொழித் தகுதியும் வேண்டும். அது 2026 ஜனவரியிலிருந்து பி2 அளவுக்கு, அதாவது தாராளமாகப் பேசவும் எழுதவும் தெரிகிற அளவுக்கு, ஏறிவிட்டது. 'போன்ழூர் மெர்சி' தெரிந்தால் போதும் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

"அப்போ எங்க தாத்தாவுக்கு மட்டும் வீட்டில் உட்கார்ந்தபடியே பிரான்சிலிருந்து பென்ஷன் வந்ததே?" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். நானும் சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளக்காரர்) வீட்டு மருமகள்தான். எங்கள் மாமனாரின் அப்பா இந்தோசீனாவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பாண்டி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு, எந்தக் குடியுரிமை என்று ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்றபோது பிரெஞ்சுக் குடியுரிமையைக் கேட்டு வாங்கியவர். அவருக்கு வந்த பென்ஷன் குண்டுக்கு நடுவே நின்று சம்பாதித்தது. ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலை நினைவுச்சின்னத்தில் மெடல் குத்திக்கொண்டு நிற்கும் பெரியவர்களிடம் போய், "சும்மாதானே வந்தது?" என்று கேளுங்கள், பார்க்கலாம். வருமானம் இல்லாத வயதானவர்களுக்குத் தரும் உதவி வேறு. அதை வாங்க வருடத்தில் ஒன்பது மாதத்துக்கு மேல் பிரான்சில் இருக்க வேண்டும். 2023 செப்டம்பருக்கு முன் ஆறு மாதமாக இருந்தது. வாங்கிக்கொண்டு பாண்டியில் வந்து உட்காருவதெல்லாம் நடக்காது. நடக்கும் என்று நம்பி வந்தவர்களிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள்.

"அங்கே ஒரு நல்லதுமே இல்லையா?" இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆனபோது நகையை அடகு வைக்காமல் வீட்டுக்கு வந்தோம். ஒத்துக்கொள்கிறேன். மேலே போகலாம்.

"பிடிக்கலேன்னா திரும்பி வந்துடு." இதற்குப் பதில் கிடையாது.

"நீ போய் செட்டில் ஆயிட்டே, மத்தவங்க வரக் கூடாதுன்னு பொறாமை." இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்லியாக வேண்டும்.

என் நாத்தனார் தெருவில் ஒரு பையன். ஐடிஐ முடித்தவன், நல்ல கை வேலைக்காரன். இதே மாதிரி ஒரு அண்ணனின் பேச்சைக் கேட்டு, அப்பா வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் பணம் கொடுத்து, சுற்றுலா விசாவில் வந்தான். ஷெங்கன் விசா என்றால் 180 நாளில் 90 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. உள்ளே போய்விட்டால் பேப்பர் தானாக வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். வரவில்லை. ஒரு உணவகத்தின் நிலவறை அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டும் பாத்திரம் கழுவிக்கொண்டும் இருந்தான். சீட்டு இல்லாத சம்பளம், கொடுத்தால் உண்டு. ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் ரசத்தை ஊற்றிக்கொண்டு தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அன்றைக்குத்தான் அவன் அப்பா இங்கே இறந்துபோனார் என்று அப்புறம்தான் சொன்னான். போனால் திரும்ப வர முடியாது, போகாவிட்டால் கொள்ளி வைக்க ஆள் இல்லை. போனில் வீடியோ போட்டுக் காட்டினார்கள். என் கணவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். நான் அவன் கையிலிருந்து போனை வாங்கிப் பிடித்துக்கொண்டேன், அவன் கை நடுங்கியதால்.

அந்தப் பையனை அனுப்பி வைத்தவருக்கு இன்றைக்கும் ஊருக்கு வந்தால் மாலை போடுகிறார்கள். நான் உண்மையைச் சொன்னால் பொறாமையாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வருடம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பணம் அனுப்பினேன். முதியோர் இல்லத்தில் என் வேலை என்ன தெரியுமா? நம் அம்மா வயசுப் பாட்டிகளைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, துணி மாற்றுவது. அந்த மாதம் கூடுதலாக ராத்திரி ஷிஃப்ட் வாங்கிக்கொண்டேன். பணம் வந்து சேர்ந்ததும் அண்ணன்காரன் (என் சொந்த அண்ணன், மேடை அண்ணன் இல்லை) போனில் சொன்னான்: "நீ காசுதானே அனுப்பினே. உனக்கு அங்கே சும்மா வருது. கூட இருந்து பார்க்கிறது நாங்க." கூட இருந்து பார்ப்பது பெரிய விஷயம்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். யாரோ ஒரு பாட்டியின் முதுகைத் தேய்த்துக்கொண்டே என் அம்மா முதுகை நினைத்துக்கொண்டிருக்கிறவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? ஆனால் அந்த 'சும்மா வருது' யார் சொல்லிக் கொடுத்தது? இந்த மாதிரி மேடைகள்தான். எல்லாம் இலவசம் என்று நாம் வந்து பீற்றிக்கொள்கிற ஒவ்வொரு தடவையும் நாம் அனுப்பும் பணத்தின் மதிப்பும் இலவசம் ஆகிவிடுகிறது. வாடகைக் காரும் கழுத்து நிறைய நகையுமாக இறங்கினால் அப்படித்தான் நினைப்பார்கள். அந்த நகைக்கு எத்தனை மாதத் தவணை பாக்கி என்று அவர்கள் கேட்கப் போவதில்லை, நாமும் சொல்லப் போவதில்லை. பெட்டியைத் திறந்தவுடன் "இவ்வளவுதானா?" என்று கேட்ட சித்தியைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவருக்கு அப்படிச் சொல்லி வைத்தது நாம்தான்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த வீடியோவின் கடைசி அரை நிமிடத்தை நிறையப் பேர் பார்க்கவில்லை போலிருக்கிறது. "எங்க மச்சான் ஒருத்தன் இருக்கான், பிரான்ஸ் பேப்பர் உண்டு, பொண்ணு இருந்தா சொல்லுங்க" என்று அண்ணன் முடிக்கிறார். அந்த இலவசப் பிரசங்கம் எதற்கு என்று இப்போது புரிகிறதா? மச்சான் என்ன வேலை பார்க்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. முன் வரிசையில் இருந்தவர்களும் கேட்கவில்லை.

நீங்கள் கேளுங்கள். பாரிஸ் பக்கம் ஒரு அறையை வாடகைக்குப் பிடிக்க வேண்டும் என்றாலே வீட்டுக்காரர் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், வருமான வரி நோட்டீஸ் எல்லாம் வாங்கிப் பார்க்கிறார். சம்பளம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்கிறதா என்று கணக்குப் போடுகிறார், இல்லாவிட்டால் ஜாமீனுக்கு ஆள் கேட்கிறார். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அறைக்கே இவ்வளவு. நீங்கள் கொடுப்பது பெண்ணை. அதே மூன்று சீட்டையும் நோட்டீசையும் கேட்டால் மாப்பிள்ளை வீட்டுக்கு மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். பிரெஞ்சில் இருக்கிறது, படிக்கத் தெரியாது என்றால் போட்டோ எடுத்து எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். மாதக் கடைசி வரைக்கும் பாண்டியில்தான் இருக்கிறேன், எந்த வரியில் எதைப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். இலவசமாகவே.

அண்ணனை டேக் செய்ய வேண்டாம், காலையிலேயே என்னை பிளாக் செய்துவிட்டார். அவரைப் பார்க்கிறவர்கள் மச்சானின் சீட்டைக் கேளுங்கள். கூடவே அவருடையதையும் கேளுங்கள்.