நாயின் குணத்தை அதன் இனமே தீர்மானிக்கிறதா? உண்மை விளக்கம்

“நாயினங்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட விஞ்ஞானிகள், ஒவ்வோர் இனத்தின் குணமும் மரபணுவிலேயே எழுதப்பட்டிருப்பதாக நிரூபித்துவிட்டனர், ஆகவே இனத்தைப் பார்த்தே நாயின் சுபாவத்தைச் சொல்லிவிடலாம்” என்ற செய்தி பரவி வருகிறது. இது தவறு.

2005-இல் டாஷா என்ற பாக்ஸர் நாயின் மரபணு வரிசை வெளியானது முதல், உடல் அமைப்பைப் பொறுத்தவரை ஒப்பீடுகள் தெளிவான விடை தந்திருக்கின்றன. சிறிய நாய்களின் உருவத்துக்கு ஐ.ஜி.எஃப்.1 என்ற மரபணுவின் ஒரு வடிவம் முக்கியக் காரணம் என்று 2007-இல் கண்டறியப்பட்டது. உருவத்துக்குப் பொருந்துவது குணத்துக்கும் பொருந்தும் என்று எண்ணியதே இந்தப் பிழையின் வேர் எனக் கருதுகிறேன்.

2022 ஏப்ரலில் ‘சயின்ஸ்’ இதழில் எலினோர் கார்ல்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, 18,385 நாய்களைப் பற்றி உரிமையாளர்கள் அளித்த பதில்களையும், அவற்றுள் 2,155 நாய்களின் மரபணு வரிசைகளையும், கலப்பின நாய்களைப் பெருமளவில் சேர்த்துக்கொண்டு ஆராய்ந்தது. தனித்தனி நாய்களுக்கிடையே காணப்படும் நடத்தை வேறுபாடுகளில் ஏறத்தாழ 9 சதவீதத்தை மட்டுமே இனத்தால் விளக்க முடிந்தது. நடத்தையுடன் தொடர்புடைய 11 மரபணுப் பகுதிகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றுகூட ஒரே இனத்துக்கு உரியதல்ல. குணத்தில் மரபுக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது: கட்டளைக்கு இணங்கும் இயல்பில் இனத்தின் தாக்கம் சற்றுக் கூடுதலாகவே தெரிந்தது. ஆனால், ஒரு நாய் எவ்வளவு எளிதில் சீற்றம் கொள்ளும் என்பதை, மக்கள் மிகவும் அஞ்சும் அந்த ஒன்றை, இனத்தை வைத்துக் கணிக்க ஏறக்குறைய முடியவில்லை.