ராத்திரி எட்டு மணி நெட்டுக்குத்தான் விலை

எல்லாரும் ஓடிடி பார்ப்பதால்தான் நெட் ரேட் ஏறுகிறது என்று கடலூரில் மஞ்சக்குப்பம் முதல் முதுநகர் வரை பேச்சு. பாதிதான் உண்மை. எத்தனை ஜிபி ஓடுகிறது என்பதைவிட எந்த நேரத்தில் ஓடுகிறது என்பதுதான் ஆபரேட்டரின் செலவை முடிவு செய்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஹெச்டி பார்த்தால் சுமார் 3 ஜிபி, 4கே என்றால் 7 ஜிபி. பெரிய கம்பெனிகளின் ஃபைபர் பிளான் பலவற்றில் மாத வரம்பு 3,300 ஜிபி, அதாவது நாளுக்கு 110. டிவியை அணைக்காமல் நாள் முழுக்க ஹெச்டி ஓடவிட்டாலும் 72 ஜிபிதான் ஆகும். வயர் இல்லாமல் மொட்டை மாடியில் பெட்டி மாட்டித் தரும் ஏர்ஃபைபர் வகையில்தான் கவனம் வேண்டும். அங்கே வரம்பு 1,000 ஜிபி என்றால், தினம் ஐந்து மணி நேரம் 4கே பார்க்கும் வீட்டில் மாசக் கடைசியில் ஸ்பீடு படுத்துவிடும்.

உண்மையான நெரிசல் ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரை. ஜிபான் என்பது ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தரும் முறை. அதில் ஒரு போர்ட்டில் ஸ்ப்ளிட்டர் போட்டு 32 வீடு பிரித்திருக்கிறார்கள் என்று வைப்போம். போர்ட்டின் கொள்ளளவு கிட்டத்தட்ட 2.5 ஜிபிபிஎஸ். 32 வீட்டிலும் 4கே ஓடினாலும், வீட்டுக்கு 15 வீதம் 480 எம்பிபிஎஸ்தான். தெருவில் இருக்கும் வயர் திணறாது. திணறுவது ஆபரேட்டர் மேலிருந்து வாங்கும் லைன். 500 வீட்டுக்கு 1 ஜிபிபிஎஸ் வாங்கி வைத்திருப்பவரிடம், ஐபிஎல் ராத்திரியில் 300 வீடு ஆளுக்கு 5 எம்பிபிஎஸ் இழுத்தால் 1.5 ஜிபிபிஎஸ் வேண்டும். டோனி இறங்கும்போது வட்டம் சுற்றும். அந்த மூணு மணி நேரத்துக்காக அவர் பெரிய லைன் வாங்கினால், மீதி நேரம் அது சும்மா கிடக்கும். வாடகை மட்டும் ஓடும்.

நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் போன்றவை பெரிய கம்பெனிகளின் நெட்வொர்க்குக்குள்ளேயே கேஷ் சர்வர், அதாவது படங்களின் நகலைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் கம்ப்யூட்டர், வைக்கின்றன. கூட்டமில்லாத நேரத்தில் படம் அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சின்ன ஆபரேட்டருக்கு இது லேசில் அமைவதில்லை. போதாக்குறைக்கு, கேபிள் டிவியை வெட்டிவிட்டு நெட் மட்டும் போதும் என்கிற வீடுகள் கூடுகின்றன. கம்பம், வயர், லைன்மேன் சம்பளம் இதுவரை இரண்டு வருமானத்தில் ஓடியது. இனி நெட் ஒன்றே சுமக்க வேண்டும். தானே, ஃபெஞ்சல் மாதிரி ஒரு புயல் அடித்தால் இழுத்த வயரை மறுபடி இழுக்க வேண்டிய ஊர் இது. ரேட் ஏறினால் அதில் இந்தப் பங்கு நியாயமானது, ஒத்துக்கொள்கிறேன்.

ஒத்துக்கொள்ளாதது, ஓடிடி கம்பெனிகள் எங்களுக்குப் பங்கு தரட்டும் என்று டெலிகாம் கம்பெனிகள் கேட்பதை. தென்கொரியாவில் இதற்காக எஸ்கே பிராட்பேண்ட் என்ற நெட் கம்பெனியும் நெட்ஃபிளிக்ஸும் கோர்ட்டில் மோதி 2023-ல் சமாதானம் ஆனார்கள். நெட்வொர்க் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று, கேம் விளையாடுவதை லைவாகக் காட்டும் ட்விட்ச் 2024-ல் அந்த நாட்டை விட்டே போனது. அந்தப் பணம் கடைசியில் நம் சந்தாவில்தான் வந்து விழும். படம் கேட்பது நாம், அதைக் கொண்டுவர மாசாமாசம் 18 சதவீத ஜிஎஸ்டியோடு கட்டுவதும் நாம். ஒரே வயருக்கு இரண்டு வாடகையா?

டிவி சுற்றுகிறது என்றதும் பெரிய பிளானுக்குத் தாவாதீர்கள். நிறைய ஸ்மார்ட் டிவிகளில் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டு அதில் வயரைச் செருகினால் மீதி 200 டிவிக்குள் போகவே போகாது. காலை ஆறுக்கும் ராத்திரி ஒன்பதுக்கும் லேப்டாப்பை ரூட்டரில் லேன் வயரால் இணைத்து ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் கோளாறு வைஃபையில்; டிவியை வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றுங்கள், நடுவில் காங்கிரீட் சுவர் இருந்தால் லேன் வயர் இழுங்கள். காலையிலேயே மோசம் என்றால் ஃபைபரில் வரும் ஒளியின் பலத்தை லைன்மேனை பவர் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே, அதாவது மைனஸ் 28, 29 என்று போயிருந்தால் ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கும், அல்லது ஜாயின்ட் கெட்டிருக்கும். ராத்திரி மட்டும் விழுந்தால் ஆபரேட்டரின் மேல் லைன் போதவில்லை. அதற்குப் பிளானை ஏற்றிப் பிரயோஜனமில்லை, ஆபரேட்டரை மாற்றுங்கள்.