“யார் போகச் சொன்னது?” என்று கேட்பவர்களுக்கு

ஹிமாச்சலப் பிரதேசத்தில், குலு பள்ளத்தாக்கின் கர்சாவில் பாராகிளைடர் விபத்தில் தமிழகத்து இளைஞர் இறந்ததையும், அடுத்த சில நாட்களிலேயே தர்மசாலா அருகே இந்திரூநாகில் அகமதாபாத்தைச் சேர்ந்த 19 வயதுப் பெண் இறந்ததையும் எல்லோரும் படித்திருப்பீர்கள். அந்தச் செய்திகளின் கீழே நம்மவர்கள் எழுதியிருக்கும் பின்னூட்டங்களைத்தான் என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை. “யார் போகச் சொன்னது?”, “காசு கொழுத்தால் இப்படித்தான்”, “ரீல்ஸ் மோகம்.” எழுதியவர்களில் சிலர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள், பிள்ளைகளைப் பெற்றவர்கள்.

ஒரே பாராகிளைடரில் பைலட்டோடு பயணியும் சேர்ந்து பறக்கும் டாண்டம் பறத்தலில் பயணி எடுக்கும் முடிவு ஒன்றே ஒன்றுதான்: பணம் கட்டுவதா, வேண்டாமா. மற்ற அனைத்தும் பைலட்டின் கையிலும், அவரை அனுமதித்தவர்களின் கையிலும் இருக்கின்றன. பாராகிளைடருக்குச் சட்டகம் கிடையாது. முன்விளிம்பின் திறப்புகள் வழியே புகும் காற்றின் அழுத்தத்தில்தான் அந்தத் துணி இறக்கையாக விரிந்து நிற்கிறது. பிற்பகலில் பள்ளத்தாக்குக் காற்று வலுக்கும்போதோ, முகட்டின் மறுபக்கத்தில் காற்று சுழன்று இறங்கும்போதோ இறக்கையின் ஒரு பகுதி மடங்கிவிடலாம். நல்ல உயரத்தில் நடந்தால் மீட்டுவிட முடியும். தரைக்கு அருகில் நடந்தால் அவசரப் பாராசூட் விரியக்கூட நேரம் இருக்காது. இதையெல்லாம் விடுமுறைக்கு மலை பார்க்கப் போன பிள்ளை கணித்திருக்க வேண்டுமாம். நாம் பேருந்தில் ஏறும்முன் பிரேக்கைச் சோதித்துவிட்டா ஏறுகிறோம்?

காற்றைக்கூட விடுங்கள். அதே குலுவின் டோபியில் 2022 டிசம்பரில் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த பயணி நடுவானில் கிளைடரிலிருந்து கழன்று விழுந்து இறந்தார். 2024 பிப்ரவரியில், அதே டோபியில், தெலங்கானாவிலிருந்து வந்த பெண் விழுந்து இறந்தார். அவருடைய பாதுகாப்புப் பட்டை சரியாகப் பூட்டப்படவில்லை என்று அதிகாரிகளே சொன்னார்கள், பைலட் கைது செய்யப்பட்டார். பட்டையைப் பூட்ட வேண்டியது யார்? பணம் கட்டியவரா?

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை அதே ஹிமாச்சலின் பீர் பில்லிங்கில் பறந்தாள். ஏறத்தாழ 2400 மீட்டர் உயரத்தில் இருக்கும் பில்லிங்கிலிருந்து கிளம்பி, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே இறங்க வேண்டும். அவளிடம் எடையை மட்டும் கேட்டார்கள், ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், “ஓடு என்றால் ஓடு, உட்காராதே” என்றார்கள். பயிற்சி அவ்வளவுதான். கீழே இறங்கியதும் அவள் அழுதுகொண்டே சிரித்ததை நான் பார்த்தேன். வாரம் முழுவதும் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். ஊருக்குத் திரும்பியதும் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, “கல்யாணம் ஆக வேண்டிய பெண்ணுக்கு இதெல்லாம் தேவையா?” அன்று அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால், துக்கம் விசாரிக்க வந்தவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

“அப்படியானால் தடை செய்துவிடலாமே” என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பெங்களூருவைச் சேர்ந்த 12 வயதுச் சிறுவன் பீர் பில்லிங்கில் இறந்த பிறகு, 2022 ஜனவரியில் ஹிமாச்சல் உயர் நீதிமன்றம் தடை விதிக்கத்தான் செய்தது. வான் விளையாட்டுகளுக்கென்று அந்த மாநிலத்தில் 2004 முதலே விதிகளும் இருக்கின்றன. விதி இருந்தது, தடை வந்தது, பறத்தலும் திரும்பியது, சாவும் திரும்பியது. நான் பைலட்டுகளின் பிழைப்பைக் கெடுப்பதாகச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தப் பைலட்டுகளும் இதே விபத்துகளில் அடிபடுகிறார்கள். இந்திரூநாகிலும் பைலட் காயமடைந்தார். “சாலையில் இதைவிட அதிகம் பேர் சாகிறார்களே” என்பவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

இது பாராகிளைடரோடு தொடங்கிய பழக்கமும் அல்ல. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் கருகிக் கிடந்தபோது, “பெண்களுக்குக் காட்டில் என்ன வேலை?” என்று கேட்ட ஊர்தானே இது? மலைக்கோயிலுக்குப் போகும் வழியில் இறந்தவர்களைப் பற்றி இப்படி ஒருவரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. பக்திக்காக மலையேறியவரின் சாவு சோகம். மகிழ்ச்சிக்காக மலையேறியவரின் சாவு மட்டும் திமிருக்குக் கிடைத்த தண்டனை. சம்பாதிக்கலாம், சேர்க்கலாம், வரிசையில் நின்று நகை வாங்கலாம், ஆனால் வாழ்நாளில் ஒரே ஒரு முறை வானத்தில் கால் மணி நேரம் மிதந்துவிட்டால் உங்கள் கண்ணுக்கு அது கொழுப்பாகத் தெரிகிறது.

இதைப் படித்துக் கோபப்படுகிறவர்கள் என்னை நட்பிலிருந்து நீக்கிக்கொள்ளலாம். அதற்கு முன், கர்சாவில் இறந்தவரின் செய்திக்கு நீங்கள் இட்ட சிரிப்புக் குறியை எடுத்துவிடுங்கள். அவருடைய வீட்டாரும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள்தான்.