அந்த இரண்டாவது கேட்டை எடுக்காதீர்கள்

நாய்களை அவிழ்த்து விடும் பகுதியை மாற்றப் போவதாகப் பூங்கா வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இடம் பாதியாகக் குறைகிறது, மீதியில் நடைபாதை வருகிறது. மண்ணும் புல்லும் போய்ச் செயற்கைப் புல். நுழைவாயிலில் இப்போது இருக்கும் இரண்டு கேட் ஒன்றாகிறது. கருத்துச் சொல்லலாம் என்றும் எழுதியிருப்பதால் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

என்னை அதிகம் பயமுறுத்துவது அந்தக் கேட் விஷயம். வெளிக்கேட்டைத் திறந்து வந்து, அதை மூடிவிட்டு, நடுவிலிருக்கும் சின்ன இடத்தில் நின்று செயினைக் கழற்றிய பிறகுதான் உள்கேட்டைத் திறக்கிறோம். பழக்கமில்லாதவர்களுக்கு இது வீண் வேலையாகத் தெரியலாம். ஒருநாள் யாரோ உள்கேட்டைத் திறந்த நொடியில், வெளியே ஒரு பூனையைப் பார்த்துவிட்டு என் நாய் மணி அம்பு மாதிரி பாய்ந்துவிட்டான். வெளிக்கேட் மூடியிருந்ததால் அதில் முட்டிக்கொண்டு நின்றான். நான் ஓடிப்போய்ப் பிடித்தபோது அவன் நெஞ்சு என் கையில் படபடவென்று அடித்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் சாலை, வண்டிகள். ஒற்றைக் கேட் இருந்திருந்தால் மணி இன்று இல்லை.

புதிதாக ஒரு நாய் வந்தால் உள்ளே இருக்கும் அத்தனையும் கேட்டுக்கு ஓடிவரும். சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கட்டியிருக்கிற நாய்க்கு விலகவும் வழியில்லை, ஓடவும் வழியில்லை. அதனால் பல்லைக் காட்டுகிறது. நடுவில் அந்தச் சின்ன இடம் இருப்பதால்தான் கூட்டம் கலையும்வரை நம்மால் காத்திருக்க முடிகிறது.

இடம் குறைவதிலும் இதே ஆபத்துதான். பழக்கமில்லாத இரண்டு நாய்கள் நேருக்கு நேர் வந்து நிற்பதில்லை, கவனித்துப் பாருங்கள். வளைந்து வந்து, பக்கவாட்டில் நின்று, பின்பக்கம் மோந்து பார்க்கும். அதுதான் அவற்றின் மரியாதை. அப்படி வளைந்து வர இடம் வேண்டும், பிடிக்கவில்லையென்றால் விலகிப்போகவும் இடம் வேண்டும். இருக்கிற நாய்களையெல்லாம் பாதி இடத்தில் அடைத்துவிட்டு, நாளை இரண்டு கடித்துக்கொண்டால் "பார்த்தீர்களா, நாய்கள் ஆபத்து" என்று மீதி இடத்தையும் மூடிவிடுவார்கள். என் கவலையே அதுதான்.

செயற்கைப் புல் பார்க்கப் பச்சையாக, சுத்தமாக இருக்கும். ஆனால் நல்ல வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். உள்ளங்கையை அந்தப் புல்லில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

நாய்களுக்கு இடம் விடுவதை எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சில பேர் கழிவை அள்ளாமல் போகிறார்கள், எனக்கே கோபம் வருகிறது. வேலிக்கு வெளியிலேயே நாயை அவிழ்த்துவிட்டு "அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சிரிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பயந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுகிற குழந்தைக்கு அந்தப் பதில் போதாது. அவர்களுக்கு அபராதம் போடுங்கள், நானும் ஆதரிக்கிறேன். நடைபாதையும் வரட்டும், வேலிக்கு வெளியே சுற்றி வரட்டும். சின்ன நாய்களுக்குத் தனித் தடுப்பும் வேண்டும்தான். ஆனால் இருக்கிற இடத்தைப் பாதியாக வெட்டிவிட்டு அதற்குள் இன்னொரு தடுப்பு போட்டால் யாருக்குமே ஓட இடமிருக்காது.

அமெரிக்காவில் பெர்க்லி நகரத்து ஓலோன் பூங்காவில் 1979இல் தொடங்கியதைத்தான் முதல் நாய்ப் பூங்கா என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். சுரங்க ரயில் பாதைக்கு மேலே காலியாகக் கிடந்த நிலம் அது. அக்கம்பக்கத்தவர்கள் முன்னின்று உருவாக்கியது. நம் பூங்கா விஷயத்தில் நாய் வளர்ப்பவர்களிடமும் கேட்கவில்லை, தினமும் நடக்க வருகிறவர்களிடமும் கேட்கவில்லை. வரைபடம் போட்டு முடித்த பிறகு நோட்டீஸ் மட்டும் வருகிறது.

தினமும் சாயங்காலம் வேலியோரப் பெஞ்சில் ஒரு ஐயா வந்து உட்காருவார். அவரிடம் நாய் இல்லை. போன வருடம் இறந்துவிட்டது. மணி நேராக அவரிடம் போய் முழங்காலில் தலையை வைப்பான், அவர் காதைத் தடவிக்கொண்டே இருப்பார். நேற்று அவர் கேட்டார்: "இந்தப் பெஞ்சையும் எடுத்துடுவாங்களாம்மா?" எனக்குத் தெரியவில்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதே பெஞ்சில் மனுவோடு இருப்பேன். இரண்டு கேட்டும் இருக்க வேண்டும், மண்தரை இருக்க வேண்டும், இடம் குறையக் கூடாது, இவ்வளவுதான் அதில் இருக்கிறது. நாய் வளர்க்காதவர்களும் வந்து படித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள்.