ஐஸ் மூழ்கும் ரம், படகு மூழ்கும் கடல்

(கரீபியன் தீவு நாடான கிரெனடாவின் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸிலிருந்து காரியாகு தீவுக்குப் போகும் ஃபெரி. காரியாகுக்காரப் பாட்டி. பக்கத்தில், முதல்முறையாகப் படகேறிய செயின்ட் ஜார்ஜஸ் பையன்.)

பையன்: குளத்தில் போகிற மாதிரியல்லவா போகிறது! இதற்கா அம்மா நாலு பிளாஸ்டிக் பை கொடுத்து அனுப்பினாள்?

பாட்டி: இதுவரை மலை காற்றை மறித்துக்கொண்டு நிற்கிறது, ராசா. வடக்கு முனை தாண்டட்டும், அம்மாவின் அருமை தெரியும்.

பையன்: எனக்கு ஒன்றும் ஆகாது. காலையில் உப்புக்கருவாடும் பொரித்த ரொட்டியும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் வந்தேன்.

பாட்டி: ஐயோ! சரி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார். அப்புறம் எனக்கு மறுபக்கம் வந்து உட்கார்.

(முனை தாண்டியது. படகு எழும்பி, தொப்பென்று விழுந்தது.)

பையன்: பாட்டி, பை!

பாட்டி: ஒன்று.

பையன்: இங்கே மட்டும் ஏன் இப்படி? அடியில் என்ன இருக்கிறது?

பாட்டி: ஆட்டுவது காற்றும் நீரோட்டமும். அடியில் இருப்பது எரிமலை.

பையன்: எரிமலையா! அணைந்ததுதானே?

பாட்டி: நன்றாக உயிரோடு இருக்கிறாள். பெயர் கிக்-எம்-ஜெனி. 1939-இல் வெடித்து 275 மீட்டருக்குப் புகை கக்கிய பிறகுதான் அப்படி ஒருத்தி இருப்பதே ஊருக்குத் தெரிந்தது. 2017-இல்கூட ஒரு தும்மல் போட்டாள். எந்தப் படகானாலும் 1.5 கிலோமீட்டர் தள்ளித்தான் போக வேண்டும். குறட்டை கூடினால் 5 கிலோமீட்டர்.

பையன்: வெடித்தால் ஒன்றரை கிலோமீட்டர் எந்த மூலைக்கு?

பாட்டி: வெடிக்கவே வேண்டாம். வாயு குமிழ் குமிழாகக் கிளம்பினால் போதும், தண்ணீர் லேசாகிப் படகைத் தாங்காது. எங்கள் ஊர் ஜாக் அயர்ன் ரம் பார்த்திருக்கிறாயா?

பையன்: இந்த நேரத்தில் ரம் பேச்சா!

பாட்டி: அதில் ஐஸ் போட்டால் மிதக்காது. அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அத்தனை சாராயம், அத்தனை லேசு. இதுவும் அதே கணக்குதான்.

பையன்: அப்படியானால் நாம்தான் ஐஸா?

பாட்டி: உன் கை அப்படித்தான் சில்லிட்டிருக்கிறது.

பையன்: பை...

பாட்டி: இரண்டு.

பையன்: உங்களுக்குப் பயமே இல்லையா?

பாட்டி: நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பாய்மரக் கப்பலில்தான் போய்வந்தோம். ஆடுகளும் கூடவே வரும். ஒரு ஆடுகூட உன் அளவுக்குக் கத்தியதில்லை. இந்தா, அடுத்த பை. மூன்று.

(ஹில்ஸ்பரோ துறை. பையன் தரையைத் தொட்டுக் கும்பிடாத குறை.)

பையன்: பாட்டி, திரும்பிப் போக விமானம் உண்டுதானே?

பாட்டி: ஏன் இல்லை? லாரிஸ்டனிலிருந்து போகும். குட்டி விமானம். காற்றடித்தால் இந்தப் படகே தேவலை என்றிருக்கும்.

(பையன் நாலாவது பையை நாலாய் மடித்து, சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொள்கிறான்.)